தங்கப் பறவைக்கு ஒரு பொட்டு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பொட்டு உண்டு. வாஷிங் மெஷினுக்கு உண்டு, ஸ்கூட்டருக்கு உண்டு, போன வருஷம் வாங்கிய இன்வெர்ட்டருக்கும் உண்டு. வாசலில் எந்தப் பொருள் வந்து இறங்கினாலும் அட்டைப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே என் கை சந்தனக் கிண்ணத்தைத் தேடும். முப்பத்தோரு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே புதிதாக வந்த ஜெராக்ஸ் மெஷினுக்கும் முதல் பொட்டு நான் வைத்ததுதான். இதில் யோசிக்க ஒன்றும் இருந்ததில்லை. சிட்னிக்குப் போய்த்தான் யோசிக்க வேண்டி வந்தது.

மகள் கவிதா அங்கே வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் அன்ரன் இலங்கை மன்னார்க்காரர், கத்தோலிக்கர். இரண்டு பேரும் அங்கேயே பார்த்து, அங்கேயே முடிவு பண்ணி, எனக்குத் தகவல் மட்டும் சொன்னார்கள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. வீசா கிடைக்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். விண்ணப்பமே போடவில்லை என்பது எனக்கும் கவிதாவுக்கும் மட்டும் தெரியும். நாலு வருஷம் கழித்து, இந்த ஜூலையில்தான் முதல் தடவையாக மகள் வீட்டுக்குப் போனேன். இரண்டு வாரமாக எனக்கும் மருமகனுக்கும் நடந்த பேச்சு "சாப்பிட்டீங்களா?", "ஓம் மாமி" என்பதைத் தாண்டவில்லை.

அவருக்குத் தலைக்கு மேல் ஒரு கவலை இருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும் வேலையை விட்டுவிட்டு, பழைய வேன் ஒன்றை வாங்கி, பழம்பொருட்களை ஏற்றிப் போகும் தொழிலைத் தொடங்கியிருந்தார். மெல்பர்ன் பக்கம் ஹெலன் என்றொரு பெண்மணி பழைய நாற்காலி, மேஜை, கண்ணாடிகளைச் செப்பனிடுகிறார். தன் வாடிக்கையாளர் ஒருவருக்காகச் சிட்னியில் ஏலத்தில் எடுத்த ஒரு நிலைக்கண்ணாடியை அன்ரனிடம் ஒப்படைத்திருந்தார். இதைப் பழுதில்லாமல் கொண்டுவந்து சேர்த்தால் இனித் தன் சாமான் எல்லாம் அன்ரனின் வேனில்தான் வரும் என்று சொல்லியிருந்தாராம். வேலையை விட்ட மனுஷனுக்கு அந்த ஒரு வாக்குதான் பிடிமானம்.

"நீயும் கூடப் போயிட்டு வாம்மா. அவங்க பக்கத்துல த பேசின்னு ஒரு ஊர், அங்க பிள்ளையார் கோயில் இருக்கு, சாமி பாத்த மாதிரியும் இருக்கும். வழியெல்லாம் ரெண்டு பேரும் பேசிக்கிட்டுப் போகலாம்" என்றாள் கவிதா.

"ரெண்டு நாளு என்னத்தைடி பேச?"

"பேசாமயே போ. ஒரே வண்டியில போனா போதும்" என்றாள்.

புறப்படும் நாள் காலை அன்ரன் கராஜில் வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, "மாமி, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டார். அந்த வீட்டில் அவராக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மரச்சட்டம். அதற்குள் கண்ணாடி, முன்பக்கம் எதுவும் படாதபடி முதுகில் மட்டும் திருகாணி முடுக்கி நிறுத்தப்பட்டிருந்தது. கண்ணாடி என்று சொல்கிறேனே தவிர, சுற்றியிருந்த தங்கத்தில்தான் கண் போனது. இலை சுருண்டு அலையாகி, அலை சிப்பியாகி, சிப்பிக்குப் பக்கத்தில் பாறை எழும்பி, பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது. எல்லாமே மரத்தில் செதுக்கித் தங்கம் போர்த்திய வேலை. இடது பக்கம் மாதிரி வலது பக்கம் இல்லை. இடது பக்கம் நீண்ட கழுத்தும் வளைந்த அலகுமாய் ஒரு பறவை. அதற்கு நேர் எதிரே குடை பிடித்த சீனக் கிழவன். அசலும் நகலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தே காலம் தள்ளிய எனக்கு, ஆசாரி பாதியில் மனம் மாறிவிட்டாரோ என்று தோன்றியது.

"இங்கிலாந்துச் சாமான் மாமி. இருநூத்தம்பது வருசத்துக்கு மேல. இந்த வேலைப்பாட்டுக்கு ரொக்கோகோ எண்டு பேர். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கக் கூடாதாம், அதுதான் அதின்ர வடிவு."

"அது என்ன பறவை?"

"அப்பிடி ஒரு பறவை உலகத்திலயே இல்லையாம்."

எனக்கு அது கோயில் அன்ன வாகனத்துக்குத் தூரத்துச் சொந்தமாகத் தெரிந்தது. வண்டிக்குச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று கேட்டேன். வேனின் முன்கண்ணாடியில் அந்தோனியார் படம் ஒட்டியிருந்ததால் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். "வையுங்கோ மாமி, அதில ஒண்டுமில்லை. சாமானை மட்டும் தொடாதேங்கோ. நானே கையுறை போட்டுத்தான் தொடுறனான்" என்று சொல்லிவிட்டு, ஃபிளாஸ்க் எடுக்க உள்ளே போனார்.

நாலு பழத்தையும் வைத்தேன். கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது, குங்குமச் சிமிழ் இருந்தது. எதிரில் அந்தப் பறவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. இந்த ஆளுடைய கல்யாணத்துக்குத்தான் வரவில்லை, தொழிலுக்காவது நல்லபடியாக ஆரம்பித்து வைப்போம் என்று மனசுக்குள் ஒரு இளக்கம். மோதிர விரலால் குழைத்த சந்தனத்தைத் தொட்டுப் பறவையின் நெஞ்சில் ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். அவர் திரும்பி வந்தபோது நான் ஒன்றும் தெரியாதவளாகப் படிக்குப் பக்கத்தில் நின்றேன். புறப்படும் அவசரத்தில் அவர் பறவையைப் பார்க்காமலே சட்டத்தின் முன்னால் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, ஓரங்களை முடிச்சுப் போட்டுக் கதவைச் சாத்தினார். பழங்கள் நசுங்க வண்டி நகர்ந்தது.

சிட்னியை விட்டு வெளியே வந்தால் ஊர் என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. நம் பக்கம் பத்து நிமிஷம் போனால் ஒரு டீக்கடையாவது வரும். இங்கே புல், மாடு, மறுபடி புல். எழுபது மைலுக்கு ஒரு தரம் ஒரு பெட்ரோல் பங்க். பேச ஆளில்லாத சாலையில் அன்ரன் தானாகவே பேச ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளின கதை, கவிதாவை முதலில் லிஃப்டில் பார்த்த கதை. நான் பாதிக்கு மேல் ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்புறம் தொழில் விஷயத்துக்கு வந்தார். சாமானை ஏற்றும்போது ஒவ்வொரு அங்குலத்தையும் படம் எடுத்து, எங்கே கீறல், எங்கே உடைசல் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவாராம். இறக்கும்போது ஹெலன் டார்ச் அடித்து, படத்தையும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராம். "படத்தில இல்லாத ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் அது என்ர கணக்கில வரும் மாமி."

பொட்டு என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதும் கழுத்து வரை வியர்த்துவிட்டது. அங்கே ஜூலை குளிர்காலம், வெளியே குளிர் எலும்பைத் துளைத்துக்கொண்டிருந்தது.

கோல்பர்ன் என்ற ஊரில் வண்டியை நிறுத்தினார். மூன்று மாடி உயரத்துக்குச் சிமெண்டில் ஒரு செம்மறியாடு கட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்கார ஜோடி ஒன்று அதன் முன்னால் நின்று, யார் படம் எடுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. "போன தடவையும் என் தலையை வெட்டிவிட்டாய்" என்று அந்த அம்மாள் புருஷனைக் கடிந்துகொண்டாள். அன்ரன் எனக்குச் சூடாக ஏதாவது வாங்கி வருகிறேன் என்று சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கடைக்குள் போனார்.

நான் பின்கதவைத் திறந்து ஏறினேன். திருடப் போகிறவளுக்கு இப்படித்தான் இருக்கும் போல. முடிச்சை அவிழ்த்துத் துணியைத் தூக்கி, கைப்பையிலிருந்த ஈர டிஷ்யூவை எடுத்து, பறவையின் நெஞ்சில் இருந்த சந்தனத்தை மெல்ல ஒற்றினேன். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் மட்டும் போகவில்லை, சிவப்பாகவே இருந்தது. இன்னொரு டிஷ்யூ எடுத்து இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். சிவப்பு குறைவதற்குப் பதிலாகப் பரவியது. மூன்றாவது டிஷ்யூவைப் பிரித்துப் பார்த்தபோது, அதில் மினுமினுவென்று தங்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பறவையின் நெஞ்சில் அஞ்சு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்த காயம். மூன்று டிஷ்யூவையும் மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, துணியைப் பழையபடி முடிச்சுப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு முன் சீட்டில் வந்து உட்கார்ந்தேன். அன்ரன் உருளைக்கிழங்கு வறுவலோடு வந்தார். "எண்ணெய் வேற, இறைச்சி பொரிக்கிற எண்ணெய் இல்லையெண்டு கேட்டுத்தான் வாங்கினனான் மாமி" என்றார். ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டுப் பொட்டலத்தை மடித்து வைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல, அந்தத் தங்கம் எப்படி ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன். ஹெலன் சொல்லிக்கொடுத்ததை ஆசையாகச் சொன்னார். மரத்தைச் செதுக்கி, அதன் மேல் வெள்ளைச் சுண்ணப் பூச்சு பத்துத் தடவை. முயல் தோலைக் காய்ச்சின பசையில் குழைத்த பூச்சு. அதுக்கு மேல் சிவப்புக் களிமண். அதுக்கு மேல்தான் தங்க ரேக்கு. "அந்தச் சிவப்பிலதான் தங்கம் மினுங்கும். ஆனா ஒரு பிரச்சினை மாமி, தண்ணி பட்டா எல்லாம் கரைஞ்சு விட்டிடும். ஈரக் கையாலகூட தொடக் கூடாது."

அப்படியானால் நான் தேய்த்தது குங்குமத்தை மட்டும் இல்லை. போகப் போகத் தெரிந்த சிவப்பு, அடியில் இருந்த களிமண். இருநூற்றைம்பது வருஷமாக யார் கண்ணிலும் படாமல் இருந்ததை நான் ஒரு டிஷ்யூவால் வெளியே எடுத்துவிட்டேன். முயல் தோல் விவகாரம் வேறு. வேறொரு நாளாக இருந்தால் அதற்கே தலை முழுகியிருப்பேன். அன்றைக்கு அதெல்லாம் ஒரு கவலையாகவே படவில்லை.

சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும், "இன்னும் எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான் வந்தது. பயம் ஒருவரை எவ்வளவு கேவலமாக்கும் என்று எனக்குத் தெரியும். பதிவு அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிரே நின்று பொய் சொல்பவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். எச்சில் விழுங்குவார்கள், தேவையில்லாமல் சிரிப்பார்கள், சம்பந்தமில்லாத கேள்வி கேட்பார்கள். அந்த மூன்றையும் நான் செய்துகொண்டிருந்தேன்.

பொழுது சாயும் நேரம், இரவு தங்க வேண்டிய ஆல்பரிக்குக் கொஞ்ச தூரம் முன்னால், புதருக்குள்ளிருந்து ஒரு கங்காரு துள்ளி ரோட்டுக்கு வந்தது. அன்ரன் பிரேக்கில் ஏறி மிதித்தார். வேன் ஒரு குலுக்குக் குலுக்கிப் பக்கவாட்டில் இழுத்து நின்றது. கங்காரு எங்களை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்ரன் சிலுவை போட்டுக்கொண்டு, "சாமானைப் பாக்கவேணும்" என்று கதவைத் திறந்தார்.

"இருட்டுதே மாப்பிள்ளை. ரோட்டோரம் நிக்க வேண்டாம். லாரி வேற இந்தப் போக்குப் போகுது" என்று தடுத்தேன். அவர் என் பயத்தைப் பார்த்துவிட்டு, லாரிக்குத்தான் பயப்படுகிறேன் என்று எண்ணிக்கொண்டார். "சரி மாமி, விடிய வெளிச்சத்தில பாப்பம்" என்றார்.

ஆல்பரியில் ஒரு மோட்டலில் தங்கினோம். தயிர்சாதமும் ஊறுகாயும் சிட்னி பிளாக்டவுன் கடையிலிருந்து எனக்கென்று தனியாக வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வராந்தாவில் நின்று கவிதாவுக்குப் போன் பேசினார். "அம்மா வந்தது நல்லது. கங்காரு வந்தநேரம் தனியா இருந்திருந்தா கைகால் பதறியிருக்கும்" என்றது சன்னல் வழியாகக் கேட்டது. மீதித் தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் தாமதமாகிவிட்டது என்று அவசரப்படுத்தினேன். அவர் மறுபடி பின்கதவைத் திறக்கப் போனார். கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்று நான் சொல்ல, அப்படியே கிளம்பினார். என் பேச்சை அந்த மனுஷன் இவ்வளவு கேட்பார் என்று நான் நினைத்ததே இல்லை. இப்போது அதுவே எனக்கு வினையாகிக்கொண்டிருந்தது.

த பேசின் மலையடிவாரம். வழியெல்லாம் மரங்கள் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றன. பிள்ளையார் கோயிலில் அன்றைக்கு நல்ல கூட்டம். அன்ரன் சாமானை விட்டு நகரமாட்டேன் என்று கார் நிறுத்துமிடத்திலேயே நின்றுகொண்டார். சந்நிதியில் நின்றேன். கேட்பதற்கு ஒன்றும் வரவில்லை. பிள்ளையாருக்கு நெஞ்சு நிறையச் சந்தனக்காப்பு. அதைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா தன் பேத்தியிடம், "மூண்டு தோப்புக்கரணம் போடு, செய்த பிழையெல்லாம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி, எத்தனை போட்டால் இனிச் செய்யப் போகும் பிழைக்கும் சேரும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேனின் பின்கதவு திறந்திருந்தது. அன்ரன் உள்ளே, துணியை விலக்கிப்போட்டு, பறவைக்கு எதிரே குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும், "முடிச்சு மாமி" என்றார். "துணியைக் கட்டின முடிச்சு. நேத்து பிரேக் போடேக்க ஆடிப்போய் உரஞ்சியிருக்கு. நான்தான் கிட்டக் கட்டிப்போட்டன். எல்லாம் என்ர பிழை. இருந்த வேலையையும் விட்டுப்போட்டு..."

நான் பேசாமல் நின்றிருந்தால் அப்படியே போயிருக்கும். ஒரு விநாடி அந்த யோசனையும் வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த மூன்று டிஷ்யூவையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "முடிச்சு இல்ல மாப்பிள்ளை. நான். புறப்படுறப்போ பொட்டு வச்சேன். கோல்பர்ன்ல அதைத் துடைச்சேன்."

அவர் டிஷ்யூவைப் பிரித்துப் பார்த்தார்.

"தொடாதேங்கோ எண்டு சொன்னனான் எல்லோ."

"சொன்னீங்க."

"பிறகு என்னத்துக்கு?"

"உங்க தொழில் நல்லா இருக்கணும்னுதான்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது. அழுகை வந்துவிட்டது. அவர் சமாதானம் சொல்லவில்லை. வேனிலிருந்து இறங்கி, கோயில் மதில் வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"நான் முடிச்சு எண்டுதான் எழுதப்போறன்" என்றார். "சாமான் இருக்கிற இடத்தில இன்னொராளை விட்டனான் எண்டு தெரிஞ்சா அது இதைவிடப் பெரிய பிழை. பிறகு ஹெலன் என்னைக் கிட்டவும் எடுக்கமாட்டா. அங்க நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ மாமி. இந்த ஒருக்காலாவது சொன்னதைக் கேளுங்கோ."

தலையை ஆட்டினேன். இனி அவர் சொல்வதை மீறினால் மகள் வீட்டு வாசலை மிதிக்க எனக்கு என்ன யோக்கியதை?

ஹெலனின் பட்டறை அங்கிருந்து பத்து நிமிஷம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. உள்ளே கால் இல்லாத மேஜை, கை இல்லாத நாற்காலி என்று ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசை. ஹெலன் என் வயதுக்காரி, ஒல்லி, தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். எனக்கு வணக்கம் சொல்லி ஒரு ஸ்டூலைக் காட்டினார். கண்ணாடியை இறக்கிச் சுவரோரம் நிறுத்தினார்கள். அவர் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் கீழிருந்து மேலே ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சிப்பி சரி, பாறை சரி, சீனக் கிழவன் சரி. வெளிச்சம் பறவையின் நெஞ்சில் வந்து நின்றது, நகரவில்லை.

"இது என்ன?"

"முடிச்சு" என்று ஆரம்பித்தார் அன்ரன். கங்காரு, பிரேக், துணி எல்லாவற்றையும் சொன்னார். ஹெலன் கேட்டுக்கொண்டே படிவத்தை எடுத்து, சேதம் எப்படி நேர்ந்தது என்ற இடத்தைத் தொட்டுக் காட்டி, பேனாவை அவர் பக்கம் நீட்டினார்.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் என் பழைய அலுவலக மேஜை ஞாபகம் வந்தது. சொந்தபந்தத்தைக் காப்பாற்ற நடக்காததை நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். போடும்போது தைரியமாகத்தான் போடுவார்கள். அஞ்சு வருஷம் கழித்து, அதே மேஜைக்கு முன்னால் நின்று, நகல் வேண்டும் என்று அழுவார்கள். இந்த மனுஷன் எனக்காகப் பொய்க் கையெழுத்துப் போடக் கூடாது. அவர் சொன்னதை மறுபடி மீறுகிறேன் என்று தெரிந்தேதான் எழுந்தேன்.

"நோ. மீ" என்றேன். ஆங்கிலம் அதற்கு மேல் வரவில்லை. என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன், பறவையைக் காட்டினேன், கையால் துடைத்துக் காட்டினேன். அன்ரன் கண்ணை மூடிக்கொண்டார். ஹெலன் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், பறவையின் நெஞ்சைப் பார்த்தார்.

"என்ன பொருள் அது? கையில் இருக்கிறதா?"

அன்ரன் வேண்டா வெறுப்பாக மொழிபெயர்த்தார். குங்குமச் சிமிழையும் மீதிச் சந்தனத்தையும் நீட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார். வெள்ளைக் காகிதத்தில் துளி குங்குமம் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சிவப்பு நாலா பக்கமும் ஓடியது. அது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது என்று அன்ரனைச் சொல்லச் சொன்னேன். இன்னொரு பாட்டிலிலிருந்து வேறு ஏதோ தொட்டு வைத்தார். சிவப்பு அங்கேயே நின்றது.

"உரசல் என்று எழுதியிருந்தால்" என்று ஹெலன் அன்ரனைப் பார்த்துச் சொன்னார், "புதுப் பூச்சுக்கு நான் வழக்கம்போல ஈரம் வைத்துத்தான் தொடங்கியிருப்பேன். இந்தச் சாயம் வெள்ளைப் பூச்சுக்குள் இறங்கிப் பறவை முழுக்கப் போயிருக்கும்." முகத்தில் சிரிப்பு இல்லை. "இப்போது அந்த ஒரு இடத்தோடு போகும். ஆனால் இது சின்னத் தப்பு இல்லை. சொந்தக்காரரிடம் சொல்ல வேண்டும். உங்களுக்கு மேற்கொண்டு வேலை தருவதா என்று யோசித்துச் சொல்கிறேன்."

பேனாவை என்னிடம் கொடுத்தார். நடந்ததை நடந்தபடி தமிழில் எழுதினேன், கீழே அன்ரன் ஆங்கிலத்தில் எழுதினார். ஆயிரம் பேரின் கையெழுத்தைச் சரிபார்த்த எனக்கு, என் கையெழுத்தே கோணிக்கொண்டு போனது. சிமிழை ஹெலன் வைத்துக்கொண்டார், இன்னும் பார்க்க வேண்டுமாம்.

திரும்பும் வழியில் வேன் காலியாகக் கடகடவென்று சத்தம் போட்டது. கோல்பர்ன் ஆடு வந்தது, போனது. வீட்டுக்கு வந்த பிறகு கவிதாவிடம் நானே சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை அன்ரனின் போன் அடிக்கும்போதும் ஹெலனா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். அவர் மறுபடி ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பம் தேடிக்கொண்டிருந்ததைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலை, தோசைக்கு நடுவில் அந்தப் போன் வந்தது. அன்ரன் எழுந்து சன்னல் பக்கம் போனார். ஆங்கிலத்தில் சரி, சரி என்று மட்டும் சொன்னார். பேசி முடித்து வந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்தார். கல்லில் தோசை கருகுவது தெரிந்தும் என்னால் அசைய முடியவில்லை.

"பறவை சுகமாம்" என்றார். "இன்னும் ரெண்டு கதிரை இருக்காம், இதே ரொக்கோகோ வேலை. கொண்டுவரச் சொன்னவ." அவர் ஊர்ப் பேச்சில் கதிரை என்றால் நாற்காலி.

கவிதா கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னொண்டும் கேட்டவ" என்றார் அன்ரன். "அந்த அம்மா எப்ப ஊருக்குப் போறா எண்டு. வாற வெள்ளிக்கிழமை எண்டு சொன்னன். அப்ப சனிக்கிழமை ஏத்து எண்டிட்டா."

அன்றைக்கே பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்கு அவர்தான் வேனில் கூட்டிப்போனார். கராஜுக்கு வந்தபோது நாலு சக்கரத்தின் கீழேயும் எலுமிச்சம்பழம் இருந்தது. நான் வைக்கவில்லை. கவிதா இரவு டூட்டி முடிந்து இன்னும் வரவில்லை.

"ஏறுங்கோ மாமி" என்றார். "ஒண்டையும் தொடாதேங்கோ."

சிரிக்கிறாரா என்று நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.